கொயினாவும் கடைசித் தண்ணீரும்

லேபைப் பூட்டிவிட்டு சைக்கிளில் பாதி வழி வந்த பிறகு, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். ஒரு தடவை இழுத்தால் மனசு கேட்காது, மூன்று தடவை இழுக்க வேண்டும். மூன்றாவது தடவை இழுக்கும்போது, இப்படி இழுத்து இழுத்தே பூட்டு லூசாகிவிட்டால் என்ன செய்வது என்று புதுக் கவலை ஒன்று வந்து சேரும். கல்லூரி ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட பாய் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒருநாள் வராந்தாவில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: “ஏலே அப்பு, உன் கவலைக்கெல்லாம் ஒரு ரிஜிஸ்டர் போடணும்னா ஸ்டோர்ல இருக்கிற பேப்பர் அம்புட்டும் பத்தாதுப்பா.”

நான் அந்தக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர். ஏழாம் வகுப்புப் பாதியில் படிப்பை விட்டவன். சிறுமலை அடிவாரத்தில் எங்கள் ஊர். அந்தக் காலத்தில் அங்கே மலேரியாக் காய்ச்சல் வருவதற்கு மாசம் நாள் எல்லாம் கிடையாது, நினைத்தால் வரும். கொயினா, அதாவது குயினின் மருந்தைப் போஸ்டாபீஸிலேயே விற்பார்கள். அப்பா திண்டுக்கல் வரைக்கும் நடந்து வந்து வாங்கிப்போவார். அந்தக் கசப்பு நாக்கில் பட்டால் மறுநாள் காலைக் கஞ்சி வரைக்கும் போகாது. முழுப் பரீட்சைக்கு முன்னால் இரண்டு மாசம் படுத்துக் கிடந்தேன். எழுந்து நடமாடியபோது என்னோடு படித்தவர்கள் எட்டாம் வகுப்பில் இருந்தார்கள். கூச்சப்பட்டுக்கொண்டு தோல் பதனிடுகிற ஷாப்புக்கு வேலைக்குப் போய்விட்டேன். சுண்ணாம்புத் தொட்டியில் ஏழெட்டு வருடம். கல்லூரியில் வேலைக்கு ஆள் எடுத்தபோது ஒரு கண்ணாடிக் குடுவையைக் கொடுத்துக் கழுவச் சொன்னார்கள். கழுவினேன், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், மறுபடி கழுவினேன். “போதும்ப்பா, தேஞ்சிரப்போகுது” என்று சொல்லி வேலையைக் கொடுத்துவிட்டார்கள்.

அறுபதுகள் தொடங்கிய சமயம் அந்த அம்மா எங்கள் கல்லூரிக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்க வந்தார். பழனிப் பக்கத்துக்காரர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், என்னைவிட இரண்டொரு வயது சின்னவர். பேச்சில் யாருக்கும் ‘ங்க’ போடாமல் இருக்க மாட்டார். லேபுக்குள் புகுந்த பூனையை ஒருநாள் “வெளிய போங்க” என்று விரட்டினார். பாய் அதைக் கேட்டுவிட்டு, “இந்த ஊர்ல பூனைக்கே மரியாதை வந்துருச்சு, நமக்குத்தான் இன்னும் வரல” என்றார்.

வகுப்பு எடுப்பது போக அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மெட்ராஸில் ஒரு பேராசிரியரிடம் பேர் பதிந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எங்கள் லேபின் கோடி மேஜைதான் அவருடைய ஆராய்ச்சிக்கூடம். முதல் வாரமே என்னை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். அட்டெண்டரை உட்காரவைத்து யாரும் பேசியதில்லை. நான் ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்து, கீழே விழுந்துவிடுவேனோ என்று பயந்துகொண்டே கேட்டேன்.

“நீங்க தோல் ஷாப்புல இருந்தீங்கன்னு சொன்னாங்க. செருப்புத் தைக்கிறதப் பாத்திருப்பீங்க. வலக்கால் செருப்பு, இடக்கால் செருப்பு, ரெண்டுக்கும் அதே தோலு, அதே அளவு, அதே ஆணிதானுங்களே? ஆனா ஒண்ணுல இன்னொரு காலு போகுமுங்களா?”

“போகாதும்மா. கடிக்கும்.”

“அதேதானுங்க. நாம லேபுல செய்யற எண்ணெயிலயும் கண்ணுக்குத் தெரியாத துணுக்கெல்லாம் வலது இடதுன்னு ரெண்டு ஜாதி. எப்பச் செஞ்சாலும் சரிபாதியா வந்துரும். ஒருபக்கம் மட்டும் கூடுதலா வர வைக்க முடியுமான்னு பாக்கறதுதான் என் வேலை.”

அதற்கு அவர் எடுத்துக்கொண்டது கொயினாவை. அது மரப்பட்டையில் விளைந்தது, தானே ஒருபக்கத்துச் செருப்பு. அதைத் துளியளவு சேர்த்தால், பக்கத்தில் நடக்கிற வேலையும் ஒருபக்கமாகச் சாயலாம் என்பது கணக்கு. “கொயினா இதுல கூலியாள் இல்லீங்க, மேஸ்திரி. வேலை நடக்கிற வரைக்கும் கூட நிப்பாரு. முடிஞ்சதும் அவரை முழுசா வெளிய அனுப்பிரணும். ஒரு துளி உள்ள தங்குனாலும் காரியம் கெட்டுரும்.”

சாய்ந்ததா இல்லையா என்பதைச் சொல்ல ஒரு கருவி உண்டு. போலாரிமீட்டர் என்று பேர். நீளமான பித்தளைக் குழாய், ஒரு கோடியில் மஞ்சள் விளக்கு, மறுகோடியில் கண் வைக்க ஒரு துவாரம், நடுவில் எண்ணெய் ஊற்றிய சின்னக் கண்ணாடிக் குழாயை வைக்க இடம். உள்ளே பார்த்தால் ஒரு வட்டம், பாதி வெளிச்சம், பாதி இருட்டு. இரண்டு பாதியும் ஒரே மங்கலாக ஆகும்வரை சக்கரத்தைத் திருப்பி, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வலதும் இடதும் சரிபாதி இருந்தால் பூஜ்யத்தில் நிற்கும். ஒருபக்கம் கூடுதல் என்றால் சக்கரம் பூஜ்யத்தை விட்டு நகரும்.

அந்தக் கருவி எங்களுடையது இல்லை. ஒரு பெரிய கல்லூரியிலிருந்து பேராசிரியர் இரவல் வாங்கிக் கொடுத்திருந்தார். மே மாசக் கடைசியில் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குள் பூஜ்யத்தை விட்டு உண்மையாக நகர்ந்தது என்று காட்டினால், இன்னொரு வருடம் கருவி இங்கேயே இருக்கும், ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் இந்த விஷயத்தை மூட்டை கட்டிவிட்டு வேறு சுலபமான ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பேராசிரியர் அப்படி எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அம்மா லேப் நோட்டில் மடித்து வைத்திருப்பார். அவ்வப்போது எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மடிப்பார். மடிப்பில் கிழிந்துவிடுமே என்று நான் கவலைப்படுவேன்.

சக்கரம் எங்கே நிற்கிறது என்று பார்க்கிற வேலையை என்னிடம் கொடுத்தார். “நான் ஏழாவதுகூட முடிக்கலம்மா” என்றேன்.

“அதுக்குத்தானுங்க உங்ககிட்டக் குடுக்கிறேன். எனக்கு ஆசை இருக்குது. ஆசை இருக்கிற கண்ணு ஆசைப் பக்கமே சாஞ்சு பாக்கும். குழாயில என்ன ஊத்தியிருக்குதுன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நீங்க பாத்து நம்பரை மட்டும் சொல்லுங்க.”

மற்றவர்கள் ஒருதடவை பார்த்துச் சொல்வதை நான் பத்துத் தடவை பார்த்துச் சொல்வேன். முதல் தடவை மேல் எனக்கு நம்பிக்கை இருக்காது, இரண்டாவது மேல் சந்தேகம் வரும். பத்தாவதும் ஒத்துப்போனால்தான் வாய் திறப்பேன். என் வாழ்க்கையில் அந்தக் குணத்தை யாரும் திட்டாமல் விட்டது அந்த மஞ்சள் விளக்குக்கு முன்னால்தான்.

வேலை எல்லாம் விடிகாலையில். ஏப்ரல் மாசத் திண்டுக்கல் வெயிலில் பத்து மணிக்கு மேல் ஈதர் பாட்டிலைத் திறந்தால் அது தானாகவே கொதிக்கும். பக்கத்தில் பீடி பற்றவைத்தால் லேபே மிஞ்சாது. ஊருக்குள் ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு கட்டி ஐஸை உமியில் புதைத்து, சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஐந்தரை மணிக்கெல்லாம் வந்துவிடுவேன். உடைத்து உப்பைக் கலந்தால் குளிர் எலும்பைப் பிடிக்கும். அதற்குள் குடுவையை வைத்து அம்மா எண்ணெயைச் செய்வார். முடிந்ததும் எண்ணெயை ஈதரில் கரைத்து என்னிடம் கொடுப்பார். கழுவுவது என் பொறுப்பு.

அந்தக் கழுவலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொயினாவுக்கு ஒரு குணம். ஆசிட் பட்டால் ஈதரை விட்டு இறங்கித் தண்ணீருக்குப் போய்விடும். சோடா உப்பு பட்டால் தண்ணீரை விட்டுத் திரும்ப ஈதருக்கே ஏறிவிடும். அதனால் முதலில் கந்தக ஆசிட் கலந்த தண்ணீரில் மூன்று கழுவல், அந்தக் கசடை எல்லாம் கொட்டிவிட வேண்டும். அடுத்தது வெறும் தண்ணீரில் ஓர் அலசல், மிச்ச ஆசிட் போக. அப்புறம் சோடா உப்புத் தண்ணீர். கடைசியாக மறுபடி வெறும் தண்ணீர். வெறும் தண்ணீர் என்றால் கிணற்றுத் தண்ணீர் இல்லை, காய்ச்சி வடித்த டிஸ்டில் வாட்டர்.

அந்த வருடம் தண்ணீர்க் கஷ்டம் சொல்லி முடியாது. கிணறுகளில் வாளி தரையைத் தட்டியது. வண்டித் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருதரம். ஒரு பாட்டில் டிஸ்டில் வாட்டர் வடிப்பதற்கு, ஆவியைக் குளிர வைக்க மட்டும் பத்துப் பதினைந்து குடம் ஊற்ற வேண்டும்.

எங்கள் பக்கத்து வீடுகளில் பாத்திரம் கழுவுகிற முறை ஒன்று உண்டு. முற்றத்தில் மூன்று பானை. முதல் தண்ணீரில் சாம்பல் போகும், இரண்டாவதில் அழுக்குப் போகும், கடைசித் தண்ணீரில் ஓர் அலசல். கடைசித் தண்ணீரை யாரும் கொட்ட மாட்டார்கள். அது மறுநாளைக்கு முதல் தண்ணீர். அதற்கப்புறம்தான் முருங்கைக்குப் போகும். கொட்டுகிற கையைப் பார்த்தால் பெரியவர்கள் அடித்தே விடுவார்கள். கொட்டத் தெரியாத அந்தக் கைதான் எனக்கும்.

முதல் தடவை கழுவியபோது, ஈதர் மேலே மிதக்க, அந்த நடு அலசல் தண்ணீர் ஃபனலின் அடித்திருகு வழியாக இறங்கியது. பளிங்கு மாதிரி இருந்தது. கொட்ட மனசு வரவில்லை. ஒரு பாட்டிலில் பிடித்துச் சிங்குக்கு அடியில் அலமாரியில் வைத்தேன். அடுத்த தடவை சோடா உப்பைக் கரைக்க அதைத்தான் எடுத்தேன். உப்பைப் போட்டதும் லேசாகப் பொங்கி அடங்கியது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான் அதற்குப் பயப்படவில்லை. அந்தத் தடவை இறங்கிய அலசல் தண்ணீரையும் அதே பாட்டிலில் சேர்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. பாத்திரம் கழுவுகிற விஷயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

முதல் தடவை ஐஸ் வழியிலேயே கரைந்துபோயிருந்தது. சக்கரம் பூஜ்யத்திலேயே நின்றது. இரண்டாம் தடவை உமியை இரண்டு மடங்கு போட்டு ஐஸைக் கொண்டுவந்தேன். சக்கரம் இடப்பக்கம் மயிரிழை நகர்ந்தது. பத்துத் தடவை பார்த்தேன், நகர்ந்துதான் இருந்தது. மூன்றாம் தடவை இன்னும் கொஞ்சம். நான்காம் தடவை நன்றாகவே. நம்பரைச் சொல்லிவிட்டு, வெளிச்சம் புகாமல் கருவியைச் சுற்றித் தொங்கவிட்டிருந்த கறுப்புத் துணியை விலக்கினேன். எட்டிப் பார்த்தால் அம்மா நோட்டில் எழுதாமல் பென்சிலைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“தடவைக்குத் தடவை கூடுதுங்க” என்றார். “உங்க ஐஸ்தானுங்க காரணம். குளிரு ஒழுங்கா நிக்குது.”

பாய் பேகம்பூரில் தன் வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறைய சேமியா பாயசம் கொண்டுவந்தார். “ஐஸ்காரருக்கு ரெண்டு டம்ளர் ஊத்துங்கம்மா” என்று என்னைக் காட்டினார். அன்றைக்கு லேபைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்காமலே வீடு வந்து சேர்ந்தேன். வந்த பிறகுதான் நினைவு வந்தது.

மே மாசம் பாதி தாண்டியது. அம்மா இரண்டு நாள் உட்கார்ந்து பேராசிரியருக்கு எழுதினார். உறையை ஒட்டி என்னிடம் கொடுத்தார். அவருக்குப் பரீட்சை ஹாலில் வேலை. “மூணு மணிக்குள்ள ரிஜிஸ்டர் பண்ணிருங்க” என்றார். சட்டைப் பைக்குள் வைத்துப் பின் குத்திக்கொண்டேன்.

அன்று காலை அலமாரிக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தான். சிங்குக்கு அடியில் இருந்த சாமான்களை எடுத்து ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்திருந்தேன். கடிதத்தோடு புறப்படுகிறவன் வழக்கம்போல எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்தேன். என் தண்ணீர்ப் பாட்டில் மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. வெயில் பட்ட ஓரத்தில் மட்டும் நீலம். மண்ணெண்ணெயில் ஓடுமே, அந்த மாதிரி ஒரு நீலப் பட்டை. பாட்டிலை நிழலுக்கு நகர்த்தினேன், வெறும் தண்ணீர். வெயிலுக்குத் தள்ளினேன், நீலம்.

ஆரம்பத்தில் அம்மா எனக்கு ஒன்று காட்டியிருந்தார். கொயினா துளியூண்டு இருந்தாலும் போதும், கந்தக ஆசிட்டில் கலந்து வெயிலில் காட்டினால் நீலமாக ஒளிரும். முதல் தடவை கழுவிய எண்ணெயை அப்படிச் சோதித்துப் பார்த்து, “சுத்தமுங்க, உங்க கழுவல் பிரமாதம்” என்று சொன்னார். அதற்கப்புறம் அவர் சோதிக்கவில்லை. என் கழுவல் மேல் அவ்வளவு நம்பிக்கை. அலசல் தண்ணீரில் தங்கியிருந்த கொயினாவைச் சோடா உப்போடு சேர்த்து நானே எண்ணெயில் திரும்ப ஏற்றியிருக்கிறேன்.

கல்லூரியிலிருந்து வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. மத்தியானச் சோறு. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருந்தேன்.

“என்ன, இன்னைக்கு எந்தப் பூட்டு?” என்றாள் என் மனைவி.

சொன்னேன். கடைசித் தண்ணீரை எடுத்து வைத்தது, அதில் சோடா உப்பைக் கரைத்தது, எல்லாம். அவளுக்கு ஈதரும் தெரியாது, கொயினாவும் ஊசி மாத்திரை அளவுக்குத்தான் தெரியும். வெஞ்சனத்தைத் தட்டில் வைத்தவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏங்க, பால் சட்டியக் கடைசித் தண்ணியிலயா கழுவுவோம்?”

எந்த வீட்டிலும் அந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள். மற்றப் பாத்திரத்துக்கெல்லாம் கடைசித் தண்ணீர், பால் சட்டிக்கு மட்டும் புதுத் தண்ணீர். புளி ஒரு சொட்டு பட்டிருந்தாலும் பால் திரிந்துவிடும் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். லேபில் நான் கழுவியதெல்லாம் பால் சட்டிதான். எனக்குத் தோன்றவே இல்லை.

“போய்ச் சொல்லிருங்க” என்றாள். “வேலை போனா தோல் ஷாப்பு எங்கயும் ஓடிப்போயிரல.”

கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. சொல்லத்தான் கிளம்பினேன். ஆனால் சைக்கிள் போஸ்டாபீஸுக்குப் போனது. வரிசையில் நாலு பேருக்குப் பின்னால் நின்றேன். இதை மறைக்க இனி ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்ப் பாட்டிலைச் சிங்கில் கவிழ்த்தால் முடிந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம், பேராசிரியருக்குச் சந்தோஷம், கருவி இங்கேயே இருக்கும். இன்னொரு பக்கம் யோசித்தேன். மெட்ராஸில் யாராவது இதைப் படித்துவிட்டு, அதே மாதிரி செய்து பார்ப்பார்கள். அவர்களுக்கு வராது. ஏன் வரவில்லை என்று அம்மாவைக் கேட்பார்கள். அம்மா ஐஸைச் சொல்வார். உமியைச் சொல்வார். யார் கேட்டாலும் என் ஐஸையே சொல்லிக்கொண்டிருப்பார்.

என் முறை வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குமாஸ்தா கையை நீட்டினார். என் அப்பா இதே மாதிரி ஒரு ஜன்னலில்தானே கொயினாப் பொட்டலம் வாங்கியிருப்பார் என்று ஏனோ நினைவு வந்தது. “செத்த நேரம் பொறுங்க சார்” என்றேன். அவர் எனக்குப் பின்னால் நின்றவரிடம் கையை நீட்டினார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அம்மா ஹாலிலிருந்து வரும்வரை லேபில் நின்றேன். வந்ததும் உறையை மேஜை மேல் வைத்தேன், பக்கத்தில் பாட்டிலை வைத்தேன். முழுவதும் சொன்னேன். அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனார், பார்த்தார். உள்ளே வந்து நான்காம் தடவை எண்ணெயில் ஒரு சொட்டை ஆசிட்டில் குலுக்கி, அதையும் கொண்டுபோய்ப் பார்த்தார். சோதனைக் குழாயில் அதே நீலம்.

“எத்தனை தடவைங்க?”

“முதல் தடவை இல்லம்மா. மத்த மூணும்.”

“கொயினா எந்தப் பக்கம் திருப்புமுங்க?”

எனக்குத் தெரியும். நான் சொல்வதற்குள் அவரே சொன்னார்.

“இடப்பக்கம். அதுவும் பலமா. நாம மூணு தடவையும் கொயினாவத்தான் பாத்துட்டு இருந்திருக்கிறோம்.” ஸ்டூலில் உட்கார்ந்தார். “ஒரு பாட்டில் தண்ணிய மிச்சம் புடிச்சீங்க. ஒரு வருசத்தக் கீழ ஊத்திட்டீங்க.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. சாவிக்கொத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“இது எதுக்குங்க? சாவிய வெச்சுட்டுப் போனா இந்த எண்ணெய யாரு கழுவறது?” நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தன்னையே திட்டிக்கொள்கிற மாதிரி சொன்னார்: “தடவைக்குத் தடவை கூடிட்டே வந்துச்சு. அப்பவே நான் திரும்பச் சோதிச்சிருக்கணும். பிள்ளைங்களுக்கு வாய் கிழியச் சொல்றேன். என் நோட்டுல ஒரு தடவைதானுங்க சோதிச்சிருக்குது.”

எண்ணெய் கெடவில்லை, அழுக்காகத்தான் இருந்தது. மூன்று தடவை எண்ணெயையும் ஒன்றாகச் சேர்த்து முதலிலிருந்து கழுவினால், உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒன்றுமே இல்லையென்றாலும் தெரிந்துவிடும். கருவி போக பத்து நாள் இருந்தது. குளிர வைக்கத்தான் தண்ணீர் இல்லை. பாயிடம் போய் நின்றேன். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“உலகத்துல இருக்கிற எல்லாத்துக்கும் பயப்படுவ. பயப்பட வேண்டிய ஒண்ணே ஒண்ண மட்டும் அலமாரியில வெச்சுப் பூட்டியிருக்க.”

ஆனால் மறுநாள் காலை அவர் வீட்டுக்கு வந்த தண்ணீர் வண்டி கல்லூரிக்குள் நுழைந்தது. வண்டிக்குப் பின்னால் அவரும் வந்தார். “வீட்டுல என்ன பேச்சு வாங்குனேன்னு கேக்காத. வடிச்சு முடி மொதல்ல” என்றார்.

இரண்டு நாள் வடித்தேன். புது பாட்டில், புது ஃபனல். ஒவ்வொரு கழுவல் தண்ணீரையும் சிங்கில் ஊற்றும்போது கை வலித்தது. ஊற்றினேன். கழுவி முடித்து எண்ணெயை வெயிலில் சோதிக்க வேண்டும் என்ற அன்றைக்குப் பார்த்துச் சிறுமலை மேல் மேகம் திரண்டுவிட்டது. ஊரே வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறது. வெள்ளையடிக்க வந்தவன்கூட, “இன்னைக்கு ஊத்திரும்ண்ணே” என்று சந்தோஷமாகச் சொல்கிறான். நான் ஒருத்தன் மட்டும் சோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டு, சாமி, அரை நாழிகை வெயில் கொடு, அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் பெய்யட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். யார் காதிலாவது விழுந்திருந்தால் அடித்தே போட்டிருப்பார்கள்.

நாலு மணிக்கு மேகம் விலகி வெயில் இறங்கியது. குழாயைத் தூக்கிப் பிடித்தோம். இப்படித் திருப்பினோம், அப்படித் திருப்பினோம். நீலம் இல்லை. அம்மா என் கையிலிருந்து வாங்கி இன்னொரு தரம் பார்த்தார். பாயையும் கூப்பிட்டுக் காட்டினார். “பச்சத் தண்ணிம்மா” என்றார் பாய்.

மறுநாள் விடிகாலை மஞ்சள் விளக்கு ஏற்றினோம். கறுப்புத் துணிக்குள் நான். வெளியிலிருந்து அம்மா குழாயை நீட்டினார், என்ன ஊற்றியிருக்கிறது என்று சொல்லவில்லை. கண் வைத்தேன். திருப்பினேன். பூஜ்யம். பத்துத் தடவை பார்த்தேன், பூஜ்யம்தான். சொன்னேன். “சரிங்க” என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு இன்னொரு குழாயைக் கொடுத்தார். கண் வைத்தேன். வட்டத்தில் ஒரு பாதி இலேசாக இருட்டாக இருந்தது. வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினேன், இருட்டு கூடியது. கை நின்றுவிட்டது. வலப்பக்கம் திருப்பினேன். மெல்ல, மெல்ல, இரண்டு பாதியும் ஒன்றானது. வலப்பக்கம் ஒரு கோடு. ஒரே ஒரு கோடு.

பத்துத் தடவை போதவில்லை. இருபது தடவை பார்த்தேன். வெளியே இருந்து, “ஏனுங்க, உள்ள தூங்கிட்டீங்களா?” என்று குரல் வந்தது.

“வலப்பக்கம்மா” என்றேன். “ஒரு கோடு. கண்ணு தப்பாப் பாக்குதோ என்னமோ. நீங்க பாருங்க.”

துணியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பார்த்தார். நெற்றியைக் கருவியில் முட்டிக்கொண்டு அப்படியே இருந்தார். முதல் குழாய் வெறும் ஈதர் என்று அப்புறம் சொன்னார். இரண்டாவதுதான் எண்ணெய்.

“கொயினா இடப்பக்கம்தானுங்க இழுக்கும். எவ்வளவு அழுக்கா இருந்தாலும் வலப்பக்கம் இழுக்கவே முடியாது. இது கொயினா இல்லீங்க.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “இது நம்முளுது. அவ்வளவு நாளும் இது வலப்பக்கம் இழுத்திருக்குது, அழுக்கு அதைவிடப் பலமா இடப்பக்கம் இழுத்திருக்குது. நமக்குத் தெரியவே இல்லீங்க.”

பழைய உறையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். தண்ணீர் விஷயத்தையும் எழுதினார். எழுத வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். ஆனால் அட்டெண்டர் என்று எழுதவில்லை, ‘நாங்கள்’ என்று எழுதியிருந்தார். கழுவும் முறையில் நாங்கள் ஒரு தவறு செய்தோம், நாங்களே கண்டுபிடித்தோம். அதை எனக்கு வாசித்துக் காட்டினார்.

இந்தத் தடவை ரிஜிஸ்டர் பண்ணிவிட்டுத்தான் வந்தேன். பாதி வழி வந்தவன் திரும்பிப் போய், தபால் தலை ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று குமாஸ்தாவைக் கேட்டேன். “அன்னைக்கு வந்து கொடுக்காம ஓடுன ஆள்தானே நீ?” என்றார் அவர்.

மழை அதற்கு இரண்டு நாள் கழித்துப் பெய்தது. கருவியை வைக்கோல் போட்டுப் பெட்டியில் அடைத்து, ஆணி அடிக்க வேண்டியதுதான் பாக்கி என்ற அன்று பதில் வந்தது. அம்மா நின்றபடியே படித்தார். வலப்பக்கம் வந்ததைவிட, இடப்பக்கம் வந்ததை நீங்களே நிறுத்தினீர்கள் என்பதற்காகத்தான் இதை நம்புகிறேன் என்று பேராசிரியர் எழுதியிருந்தாராம். ஒரு கோடு போதாது, இன்னும் குளிர வைத்துச் செய்து பாருங்கள், கருவி அடுத்த மே வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்.

“இன்னும் குளிரான்னா எம்புட்டும்மா?” என்று கேட்டேன்.

“ஐஸ் உப்பெல்லாம் பத்தாதுங்க. வேற ஏதாவது வழி பாக்கணும்.”

பாய் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியிலிருந்த வைக்கோலை எடுக்க ஆரம்பித்தார். நான் மூன்றாவது தடவையாகப் பெட்டிக்குள் குனிந்து, பித்தளைக் குழாயில் கீறல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.